நாலு கை கட்டிய சோறு

(ஏற்காடு மலையில் உள்ள நாகலூரில் பெற்றோரும் மகளிர் குழுவினரும் பள்ளிப் பிள்ளைகளும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று காலை நம் ஊர் பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டுப் பக்கமிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிள்ளைகள் சில்வர் ஓக் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். நிறுத்தத்தில் நம் ஊர்க் குடும்பம் ஒன்று சேலம் போகக் காத்திருந்தது. அப்பா, அம்மா, ஆயா, இரண்டு பிள்ளைகள். ஆயாவின் மடியில் ஒயர் கூடை. கூடைக்குள் ஒரு தூக்குப்போசி, மேலே துண்டு போட்டு மூடிய வாழையிலைப் பொட்டலங்கள். பெரியவன் கூடைக்குள் கைவிடப் பார்த்தான். "இப்பவே பிரிச்சா மத்தியானத்துக்கு என்னடா இருக்கும்?" என்று ஆயா அவன் கையைத் தட்டிவிட்டது.

கீழே இருப்பவர்களுக்கு நம் ஊர் சுற்றுலா. நமக்குக் கீழே இருக்கும் ஊர் சுற்றுலா. சேலத்துக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற அந்த ஒரு பகலையும், அதற்காக வீட்டில் ஆக்கிக் கட்டுகிற எளிய சோற்றையும் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஒரு குடும்பம் ஒன்றாக இருப்பதும் இல்லாமல் போவதும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் முடிவாகிறது என்பது என் அனுபவம்.

கட்டுச்சோறு என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். வழிப்பயணத்துக்கு எடுத்துப்போகும் உணவுக்கு ஆற்றுணா என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. ஆறு என்றால் வழி. வழியில் உண்பது ஆற்றுணா. கற்றவனுக்குப் போகிற இடமெல்லாம் சொந்த ஊர்தான், அவனுக்கு ஆற்றுணா வேண்டியதில்லை என்று கல்வியை உயர்த்திச் சொல்கிறது பழமொழி நானூறு. அப்படிச் சொல்ல வேண்டுமானால், மற்ற எல்லோரும் சோறு கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள் என்று ஆகிறது. பொதிசோறு என்றும் சொன்னார்கள். பக்கத்துக் கேரளத்தில் இன்றைக்கும் பொதிச்சோறு என்றுதான் பெயர். நம் கொங்குப் பக்கத்தில் பெண் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கும்போது தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு ஆக்கிக் கொண்டுபோவார்களே, அந்தச் சடங்குக்குப் பெயரே கட்டுச்சோறுதான். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற கலவைச் சோறும் இதே வகை. சோறு கட்டிக்கொண்டு போவது சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்த வழி என்று மட்டும் நினைக்க வேண்டாம். சிக்கனம் அதில் உண்டு. அதைவிடப் பழைய பாசமும் அதில் உண்டு.

இதே சோற்றை வைத்து நம் பெரியவர்கள் ஒரு பழமொழியும் சொல்வார்கள். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று. அந்தப் பழமொழியிடம் கடைசியில் திரும்பி வருகிறேன். அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பள்ளிப் பிள்ளைகள் படித்திருப்பீர்கள். அந்தக் காப்பிதான் எங்கள் வீட்டு அடுப்பையும் எரித்தது. கார்த்திகை தொடங்கித் தை வரை பழம் பறிப்பு. அந்த மாதங்களில் வீட்டில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. பறிப்பு முடிந்து, பூ மழை பெய்து, மலை முழுக்கக் காப்பிப் பூ வெள்ளையாய் மணக்கிற காலத்துக்கும் பிறகுதான் அப்பா வாய் திறப்பார். "இந்த வருசம் எங்க போலாம்?"

எனக்குப் பத்து வயது இருக்கும்போது மேட்டூர் போனோம். ஆடிப்பெருக்கு. 1934ல் திறந்த அணை, 120 அடி முழு நீர்மட்டம், உபரி நீர் வெளியேற 16 கண் மதகு என்று பாடத்தில் படித்ததை நேரில் பார்க்கப் போகிறோம் என்று எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அம்மாவுக்கும் தூக்கமில்லை. காரணம் வேறு. முந்தின நாள் தோட்டத்து வேலை முடித்து வந்து புளி கரைத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விறகடுப்பைப் பற்றவைத்தது. புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், பருப்புத் துவையல், முறுக்கு, எங்கள் மாமா வீட்டாரும் வருகிறார்கள் என்பதால் எல்லாம் பதினைந்து பேருக்கு. நாங்கள் ஐந்து மணிக்கு எழுந்தபோது வீடு மணத்தது. குளித்தோம், புதுச்சட்டை போட்டோம், கிளம்பினோம். மலை இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, மேட்டூர் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அணைக்குக் கீழே இருக்கும் பூங்காவில் போர்வை விரித்து அம்மா எல்லோருக்கும் பரிமாறியது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு மரத்தடியில் சாய்ந்தது. அவ்வளவுதான். நாங்கள் முனியப்பன் கோயிலுக்குப் போனோம், அணையைப் பார்த்தோம், காவிரியில் கால் நனைத்தோம், திரும்பி வந்தோம். அம்மா அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. பாவம், எழுப்ப வேண்டாம் என்றார் அப்பா. அதையும் நாங்கள் அன்பு என்றே எடுத்துக்கொண்டோம்.

பல வருடம் கழித்து, நான் வாத்தியார் வேலைக்குப் போனபிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "அந்த வருசம் மேட்டூர் டேம்ல எவ்வளவு தண்ணி, ஞாபகம் இருக்குதாம்மா?"

"நான் எங்க கண்ணு பாத்தேன்? நல்லாத் தூங்குனதுதான் ஞாபகம் இருக்குது" என்றது அம்மா.

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பயணத்தை நாற்பது தடவையாவது வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருப்பேன். அந்தக் கதையில் அம்மா மேட்டூருக்கே வரவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து எளிய சமையல் என்றால் என்ன என்பதற்கு எனக்கு ஒரே அளவுகோல்தான். பொருள் குறைவாக இருப்பதோ, சீக்கிரம் முடிவதோ மட்டும் எளிமை ஆகாது. ஒருத்தி மட்டும் சுமக்காத சமையல் எதுவோ அது எளிய சமையல். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கைக்கும் அதில் ஒரு வேலை இருக்க வேண்டும். அப்படி ஆகாத பட்டியலைக் குறைத்துவிட வேண்டும். ஆறு வகை கட்டிக்கொண்டு போய் அம்மா தூங்குவதைவிட, இரண்டு வகை கட்டிக்கொண்டு போய் அம்மா அணையைப் பார்ப்பது மேல்.

சொல்வது எளிது, செய்வது எப்படி என்று கேட்பீர்கள். சென்ற மாதம் எங்கள் வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன். இப்போது நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பேத்தியை அழைத்துக்கொண்டு குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போவதாகத் திட்டம். நம் மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. புளிச்சோறு, தயிர்ச்சோறு, இரண்டே வகை. தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலையும் நார்த்தங்காய் ஊறுகாயும். நாலு பேர், நாலு கை.

முந்தின நாள் இரவே புளிக்காய்ச்சல் முடிந்துவிட வேண்டும். அதுதான் முதல் விதி. எலுமிச்சை அளவுப் புளி இரண்டை வெந்நீரில் ஊறப்போட்டு, பேத்தியிடம் கொடுத்துவிட்டோம். எட்டு வயது. கொட்டையும் நாரும் பிரித்துக் கெட்டியாகக் கரைப்பது அவள் வேலை. முழங்கைவரை புளி. மகன் வாணலியை வைத்தான். நல்லெண்ணெய் தாராளமாக. கடுகு வெடித்ததும் கடலைப்பருப்பு, வேர்க்கடலை, கிள்ளிய வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. கரைத்த புளியை ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டு, சின்னத் தீயில் விட்டுவிட்டான். கொதி அடங்கி, குழம்பு சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும்வரை பொறுக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் அவசரப்பட்டால் மறுநாள் மத்தியானம் தெரிந்துவிடும். வெந்தயம், மல்லி, எள் மூன்றையும் எண்ணெய் இல்லாமல் வறுத்துப் பொடித்தது என் வீட்டுக்காரம்மா. இறக்கும்போது அந்தப் பொடியையும் ஒரு சிறு துண்டு வெல்லத்தையும் போட்டதும் தெருவுக்கே மணம் போனது.

காலையில் என் வேலை. சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்தேன். சூடு தணிந்தபின் புளிக்காய்ச்சலைப் போட்டு, பருக்கை உடையாமல் மேலும் கீழுமாகப் புரட்டினேன். வாழையிலையை நரம்பு சீவி, அடுப்புத் தணலில் வாட்டியது பேத்தி. பச்சை இலை மடித்தால் கிழியும். தணலுக்கு மேலே காட்டினால் நிறம் ஆழ்ந்து, தோல்போல் வளையும். அந்த நிறம் மாறுகிற நொடியைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. ஒரு இலையைக் கருக்கினாள். பரவாயில்லை, அடுத்த இலை சரியாக வந்தது. நாலு பொட்டலம், வாழைநாரால் கட்டு. எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம். பூங்காவில் மான்களைப் பார்த்து முதலில் கத்தியது என் பேத்தி இல்லை, அவள் ஆயா.

புளிச்சோறு ஏன் பயணத்துக்கு ஏற்றது என்பதையும் இந்த அறிவியல் வாத்தியார் சொல்லாமல் விட முடியாது. வெந்த சோற்றில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். சோற்றைக் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. வெதுவெதுப்பாக மூடிவைத்த வெறும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. புளியின் அமிலம் அந்தப் பெருக்கத்துக்குத் தடை. உப்பும், நீர் சுண்டக் காய்ச்சுவதும் இன்னொரு தடை. நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள சீசமால் போன்ற பொருள்கள் எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கின்றன. நம் முன்னோர் இந்தப் பெயர்களை அறிந்திருக்கவில்லை. ஆனால் எந்தச் சோறு தாங்கும், எது தாங்காது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து அறிந்திருந்தார்கள். 5 பாகை முதல் 60 பாகை வரையிலான வெப்பம் கிருமிகளுக்குக் கொண்டாட்டம் என்று இன்றைய பாடநூல் சொல்கிறது. அதனால்தான் தேங்காய் அரைத்த குழம்பும், வெங்காயம் போட்ட சட்னியும், முட்டையும் பயணப் பொட்டலத்துக்கு வேண்டாம் என்கிறேன். சூட்டோடு சோற்றை இறுக்கி மூடவும் வேண்டாம். ஆறவைத்துக் கட்டுங்கள். மத்தியானத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சத்தை இரவுக்கு வைக்காதீர்கள்.

மலையில் இருக்கும் நமக்கு மட்டும் இன்னும் இரண்டு செய்தி இருக்கிறது. நாம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் வாழ்கிறோம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 95 பாகையிலேயே கொதித்துவிடும். கீழிருந்து மருமகளாக வந்த பெண் பருப்பு வேகவில்லை என்று தவித்தால் அது அவள் கைக்குற்றம் இல்லை, மலையின் குணம். பருப்பை முன்கூட்டி ஊறவையுங்கள், குக்கருக்கு ஒரு விசில் கூட்டிக் கொடுங்கள். இட்லி மாவும் அப்படியே. மார்கழிக் குளிரில் சமவெளி போல ஒரே இரவில் பொங்காது. அடுப்படிக்குப் பக்கத்தில், சாக்கு சுற்றி வைக்க வேண்டும்.

இரண்டாவது தயிர்ச்சோறு. சேலத்தில் இருப்பவர்கள் பால் அதிகமாகவும் தயிர் ஒரே ஒரு கரண்டியாகவும் விட்டுப் பிசைவார்கள். மத்தியானத்துக்குள் அது பக்குவமாக உறைந்து வாய்க்கு இதமாக இருக்கும். அதே பிசைதலை மலைக்கு எடுத்து வந்தால் குளிரில் உறையாமல் பால்சோறாகவே இருக்கும். நாம் கீழே போகும்போது கதை தலைகீழ். நம் வீட்டு வழக்கப்படி தயிரை நிறைய விட்டுக் கொண்டுபோனால், சேலத்து வெயிலில் பன்னிரண்டு மணிக்கே புளித்து நாக்கைச் சுண்டும். மேலே வருகிறவர் தயிரைக் கூட்ட வேண்டும், கீழே போகிறவர் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்ட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலும் கீழும் இரண்டு வேறு சமையலறைகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது இந்த மலைக் கிராமங்களில் கட்டுச்சோறு என்றால் அரிசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாமைச் சோற்றில் புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்து வருவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து குடியேறினார்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் மலையாளி மக்களின் வயல்களில் சாமையும் கேழ்வரகும் விளைந்தன. அரிசி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தச் சோறு ஏழைச் சோறு ஆகிவிட்டது. அதைத் திருவிழாவுக்குக் கட்டிக்கொண்டு போகப் பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது நகரத்துக் கடைகளில் சாமை விலையைப் பாருங்கள். நாம் வெட்கப்பட்டு விட்ட சோற்றை ஊர் தேடுகிறது. சாமை உதிரியாக வேகும், புளியை நன்றாக இழுத்துக்கொள்ளும். அடுத்த பயணத்துக்கு ஒரு பொட்டலமாவது சாமைச் சோறாகக் கட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, சோறு கட்டியாயிற்று. எங்கே போவது?

கீழே போகிறவர்களுக்கு என் யோசனை. முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். கிளம்பும்போது வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி மிளகாய்ப்பொடியோடு போதும், கையில் ஒரு எலுமிச்சம்பழம். மலை இறங்கியதும் கன்னங்குறிச்சிப் பக்கம் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். டி. ஆர். சுந்தரம் இந்தச் சாலையோரத்தில் சினிமா எடுத்தார், தமிழின் முதல் வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956ல் அவர் நிறுவனத்திலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். ஆடி மாதம் என்றால் கோட்டை மாரியம்மன். மற்ற மாதம் என்றால் குரும்பப்பட்டி. மாம்பழக் காலம் என்றால் ஒரு மல்கோவாவை வாங்கி அங்கேயே நறுக்கிச் சாப்பிடுங்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை மூட்டையாக மஞ்சளும் மிளகாயும் இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். நம் மலை மிளகு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாலையில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தருவது சேலத்துக்கே உரியது. கட்டுச்சோறு கொண்டுபோகிறவன் கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிறு நிறைவதற்கு வீட்டுச் சோறு, நாக்கு அறிவதற்கு ஊர்ப் பண்டம். இரண்டும் சேர்ந்தால்தான் போன ஊர் மனதில் நிற்கும்.

இன்னொரு யோசனையும் உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நம் மலையையே முழுதாகப் பார்த்திருக்கிறார்கள்? சென்னையிலிருந்து வருகிறவன் பகோடா பாயிண்டில் நின்று படம் பிடிக்கிறான். நம் பிள்ளை அந்த வழியாகப் பள்ளிக்கூடப் பையோடு தலைகுனிந்து போகிறான். இந்திய தாவரவியல் ஆய்வுத் துறை 1963ல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. மரக்கிளையில் ஒட்டி வளர்ந்து, மண்ணே இல்லாமல் பூக்கிற செடிகளை அங்கே காட்டலாம். 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில். வைகாசித் திருவிழாவுக்கு மட்டும் போய்க் கூட்டத்தில் தள்ளுப்படாமல், சாதாரணமான ஒரு நாளில் போங்கள். குகைக்குள் குனிந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, அந்தப் பெரிய புல்வெளியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரியுங்கள். காற்று இலையைத் தூக்கும், பிள்ளைகளின் கை அதைப் பிடிக்கும். கையில் காசில்லாத மாதத்திலும் இந்தப் பயணம் நடக்கும்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு கடமையும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறீர்கள். அவை அங்கே பசியால் உட்காரவில்லை. நாம் பழக்கியதால் உட்கார்ந்திருக்கின்றன. காட்டுப்பழம் தேடிப் போக வேண்டிய உயிர், பிஸ்கட்டுக்காகச் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. இரக்கப்பட்டு ஒரு உருண்டை சோறு போடுவதும் அதற்குத் தீங்குதான். ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அப்படியிருந்தும் சாலையோரத்துப் புதரில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாழையிலையும் நாரும் தூக்குப்போசியும் இருக்கிற வீட்டுக்கு அந்தக் கப்பும் கவரும் எதற்கு? சாப்பிட்ட இலையையும் அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். கூடையிலேயே கொண்டுவந்து வீட்டு எருக்குழியில் போடுங்கள். போகும்போது கனமாகவும் வரும்போது லேசாகவும் இருக்கிற கூடை, வெறுமையாக மட்டும் வரக்கூடாது.

உலகில் மற்றவர்களும் இதை மதித்துச் செய்கிறார்கள். ஜப்பானில் ரயில் நிலையங்களில் விற்கும் பயணச் சோற்றுப் பெட்டிக்கு எகிபென் என்று பெயர். 1885ல் உட்சுனோமியா என்ற நிலையத்தில் ஊறுகாய் வைத்த சோற்றுருண்டைகளை மூங்கில் பட்டையில் சுற்றிக் கொடுத்ததில் அது தொடங்கியது என்று சொல்கிறார்கள். இன்று ஊருக்கு ஒரு வகைப் பெட்டி இருக்கிறது. மலேசியாவில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக் இல்லாமல் ஒரு காலைப் பயணம் நடக்காது. இலையில் சோற்றைக் கட்டும் கை எங்கே இருந்தாலும் நம் உறவுக் கைதான். அவர்கள் அதைப் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். நம் பிள்ளைகளோ, கூட்டம் இருக்கும் இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்கக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்க ஒரு வழிதான் தெரிகிறது. தான் கட்டிய பொட்டலத்தைப் பிரிக்க எந்தப் பிள்ளையும் கூச்சப்படாது. என் பேத்தி அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத குடும்பத்துக்கு ஒரு பிடி புளிச்சோறு கொடுத்துவிட்டு, "புளி நான் கரைச்சது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சமையலில் கூடமாட உதவுகிறேன் என்று சொல்லாதீர்கள். உதவி என்றால் வேலை அவளுடையது என்று ஆகிவிடும். சோறு வடிப்பது என் வேலை, புளிக்காய்ச்சல் என் மகன் வேலை என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுவதையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பயணம் முடிந்து வந்து கால் வலிக்கும்போது கிடக்கிற பாத்திரம் யாருடையது என்பதிலும் அந்த நாளின் இனிமை இருக்கிறது.

இப்போது அந்தப் பழமொழிக்கு வருகிறேன். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? உண்மைதான். அம்மா கட்டிய சோறு அந்த ஒரு மத்தியானத்தோடு தீர்ந்துபோனது. நான் இன்றைக்குச் சொல்லிக் கொடுத்த சொல்லும் நீங்கள் வீடு போய்ச் சேரும்வரை தாங்கினால் பெரிது. அதனால் கட்டிக் கொடுக்காதீர்கள். கூட உட்காரவைத்துக் கட்டப் பழக்குங்கள். இலை வாட்டக் கற்ற கை எந்த ஊருக்குப் போனாலும், படிப்புக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும், சோறு கட்டிக்கொள்ளும்.

என் அம்மாவுக்காக ஒன்று செய்ய முடிந்தது. அம்மா தவறுவதற்கு மூன்று வருடம் முன்பு, ஓர் ஆடி மாதம் மேட்டூருக்கு அழைத்துப் போனேன். அடுப்புப் பக்கமே வரவிடவில்லை. புளிக்காய்ச்சல் நான், சோறு என் வீட்டுக்காரம்மா, பொட்டலம் என் மகன். அணையின் கைப்பிடிச் சுவர் தெரிகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். தண்ணீரை வெகுநேரம் பார்த்தது. பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டது.

"புளி கொஞ்சம் கம்மி கண்ணு" என்றது.

அடுத்தமுறை சரியாகப் போட்டுவிட்டேன். நீங்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் கட்டிப் பாருங்கள்.